‘யாரிடம் விற்கப்போகிறோம்?’: ‘மார்ஜின் கால்’ படத்தின் அதிகாலைக் கூட்டம்

பணப்பேராசையைப் பற்றிய திரைப்படங்களில் பல, பேராசையைக் கண்ணுக்குத் தெரியும் பொருள்களாக மாற்றிக் காட்டுகின்றன. உல்லாசப் படகு, ஓயாத விருந்து, போதைப்பொருள், கூட்டத்தின் முன் நின்று முழங்கும் ஒரு கவர்ச்சியான மனிதர் என்று அவை பட்டியலிட்டுக்கொண்டே போகும். ஜே. சி. சேண்டர் எழுதி இயக்கி 2011-இல் வெளிவந்த ‘மார்ஜின் கால்’ இவற்றில் எதையும் நம்பி எடுக்கப்பட்ட படம் அல்ல. அதன் மையமாக இருப்பது ஒரு கூட்டம். ஓர் இரவின் பின்பாதியில், நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிலர், பெரும்பாலும் தணிந்த குரலில் பேசி, தங்களுக்கு வரவிருக்கும் நட்டத்தைப் பொழுது விடிந்ததும் பிறர் தலையில் கட்டிவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். பேராசை என்பது மேலும் மேலும் வேண்டும் என்ற தாகம் என்றே நாம் பொதுவாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அதைவிடக் கொடிய வடிவம், நட்டம் யாரைச் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்வதில் இருக்கிறது என்பதை இந்தக் காட்சியைப் போலத் தெளிவாகக் காட்டிய வேறொரு படக்காட்சியை நான் பார்த்ததில்லை.

சேண்டரின் முதல் முழுநீளப் படம் இது. அவருடைய தந்தை மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றியவர். சுமார் 35 லட்சம் டாலர் என்ற சிறிய செலவில், நியூயார்க்கின் ஒன் பென் பிளாசா கட்டடத்தில் ஒரு வர்த்தக நிறுவனம் காலி செய்துவிட்டுப் போன 42-ஆவது மாடியில், 17 நாட்களில் பெரும்பகுதியை எடுத்து முடித்தார்கள். சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. படத்தின் வலிமை எழுத்திலும் நடிப்பிலும்தான் இருக்கிறது என்பதால், காட்சியில் என்ன சொல்லப்படுகிறது, எந்த வரிசையில் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

கதை நடப்பது பெயர் சொல்லப்படாத ஒரு முதலீட்டு வங்கியில், 2008 நிதி நெருக்கடியின் விளிம்பில். பெரிய ஆட்குறைப்பு நடக்கும் நாளில், இடர் மேலாண்மைப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்த எரிக் டேல் வெளியேற்றப்படுகிறார். மின்தூக்கிக் கதவு மூடுவதற்குள், தான் பாதியில் விட்ட கணக்கு அடங்கிய ஒரு பென்டிரைவைத் தன் கீழ் வேலை பார்த்த பீட்டர் சல்லிவனிடம் கொடுத்து, எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லிவிட்டுப் போகிறார். மற்றவர்கள் மதுக்கடைக்குக் கிளம்பிய பிறகு சல்லிவன் அந்தக் கணக்கை முடிக்கிறார். விடை பயங்கரமாக இருக்கிறது. தகவல் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கடைசியில் நிறுவனத் தலைவர் ஜான் டுல்ட் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார்.

கூட்டத்தில் பேசப்படும் சரக்கு எது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கடன் வாங்கியவர்கள் மாதந்தோறும் கட்டும் தவணைகளை ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்த்து, அந்த வருமானத்தின் மீது உரிமை தரும் பத்திரங்களாக மாற்றி விற்பது அமெரிக்க வங்கிகளின் வழக்கம். படத்தில் வரும் வங்கி இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்தின் அளவுக்கேற்ப வெவ்வேறு தரமதிப்பீடு பெற்ற கடன் அடுக்குகளை ஒன்றாகக் கோத்து ஒரே பத்திரமாக விற்று வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கும் சற்றுக் கூடுதலான காலம் அதில் கொழுத்த லாபம். ஆனால் ஒரு பத்திரத்தைக் கோத்து முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் சரக்கு வங்கியின் கணக்கிலேயே கிடக்கும். புதிய சரக்கு தினமும் சேர்ந்துகொண்டே இருப்பதால், கையிருப்பு எந்நேரமும் மலைபோல இருக்கும். அடிப்படையில் இவை வெறும் வீட்டுக்கடன்கள்தானே என்ற எண்ணத்தால், வேறு எதற்கும் அனுமதிக்கப்படாத அளவு கடனை வாங்கி இந்தக் கையிருப்பைத் தாங்கியிருக்கிறார்கள்.

கடன் வாங்கி முதலீடு செய்வதன் கணக்கு மிக எளியது. சொந்தப் பணம் 1 ரூபாய், கடன் 29 ரூபாய் என்று வைத்து 30 ரூபாய்க்குச் சொத்து வாங்கினால், அந்தச் சொத்தின் விலை 3.3 சதவீதம் சரிந்ததுமே சொந்தப் பணம் முழுவதும் போய்விடும். பின்னர் திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2007-ஆம் ஆண்டின் இறுதியில் தன் சொந்த மூலதனத்தைப் போலச் சுமார் 30 மடங்கு சொத்தை வைத்திருந்தது. படத்தில் சல்லிவன் வேறொரு கணக்கைச் சொல்கிறார்: இந்தச் சொத்துகள் 25 சதவீதம் மதிப்பிழந்தால், வரும் நட்டம் நிறுவனத்தின் மொத்தப் பங்குச் சந்தை மதிப்பையும் மிஞ்சிவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கால்பங்கு நட்டமே முழு நிறுவனத்தின் மதிப்பைவிடப் பெரிது என்றால், இந்த ஒரு வகைச் சரக்கு மட்டுமே நிறுவனத்தின் மதிப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல் குவிந்திருக்கிறது என்று பொருள். அந்த அறையில் இருக்கும் எல்லோரும் பல ஆண்டுகளாக அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்துதான் போனஸ் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு இது தெரியாமலிருந்ததற்குக் காரணம் அவர்கள் நம்பிய இடர் மாதிரிகள். ஒரு சொத்தின் விலை கடந்த காலத்தில் எவ்வளவு ஏறி இறங்கியதோ அந்த எல்லைக்குள்தான் இனியும் அசையும் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளில் எவ்வளவு இழக்கக்கூடும் என்று கணக்கிடும் முறை அப்போது வங்கிகளில் பரவலாக இருந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்த ஆண்டுகளின் புள்ளிவிவரத்தை அதில் ஊட்டினால், ஆபத்து குறைவு என்றே அது சொல்லும். ஆபத்து குறைவு என்று தெரிந்தால் இன்னும் கடன் வாங்கலாம். சல்லிவன் கண்டுபிடித்தது எதிர்காலத்தில் நடக்கப்போகும் ஒன்றை அல்ல. கடந்த இரண்டு வாரங்களில் விலை ஏற்கனவே அந்த எல்லைகளைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது என்பதைத்தான் அவர் கண்டுபிடித்தார். இது ஏற்கனவே நடந்துவிட்டது என்கிறீர்களா என்று டுல்ட் கேட்கும்போது, ஒருவகையில் ஆமாம் என்று அவர் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் இடத்தில் காட்சியின் தொனியே மாறுகிறது.

ஜெரிமி ஐயன்ஸ் நடித்திருக்கும் டுல்ட், கூட்டத்தைத் தொடங்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். அறையில் இருக்கும் உயரதிகாரிகளைத் தாண்டி, அறிக்கையை எழுதிய இளைஞர் யார் என்று கேட்டு, ஒரு சிறு குழந்தைக்கோ ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாய்க்கோ சொல்வதுபோல எனக்குச் சொல்லுங்கள் என்கிறார். மூளையால் நான் இந்த இடத்துக்கு வரவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பலரும் இதை அவருடைய அறியாமையைக் கேலி செய்யும் வசனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளிய மொழியில் சொல்லச் சொல்வதன் மூலம், அதுவரை கலைச்சொற்களுக்குள் பதுங்கியிருந்த எல்லோரையும் அவர் வெளியே இழுத்துவிடுகிறார். உண்மை வேண்டும் என்பதில் அவருக்கு எந்தப் பாசாங்கும் இல்லை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர் செய்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அந்த அறையிலேயே மிகத் தெளிவான பார்வை கொண்டவர் அவர் என்பதால்தான், அவர் எடுக்கும் முடிவை அறியாமையின் கணக்கில் எழுத முடியாமல் போகிறது.

நிலைமையை அவர் இசையாக மாற்றிப் பேசுகிறார். இசை நிற்கும்போது யார் கையில் அழுகல் மூட்டை இருக்கிறதோ அவர் தோற்றார் என்பது அவர் கணக்கு. சல்லிவன் அந்த உவமையைத் திருத்துகிறார்: என் இடர் மாதிரி காட்டுவது இசை மெதுவாவதை மட்டும்தான், நின்றுவிட்டால் நிலைமை இதைவிட எவ்வளவோ மோசமாக இருக்கும். அப்போது டுல்ட், தனக்கு இவ்வளவு சம்பளம் கொடுக்கப்படுவதே ஒரு வாரம், ஒரு மாதம், ஓர் ஆண்டு கழித்து இசை எப்படி இருக்கும் என்று ஊகிப்பதற்குத்தான் என்று சொல்லிவிட்டு, இன்றிரவு இங்கே நிற்கும்போது எதுவும் கேட்கவில்லை, வெறும் அமைதிதான் என்கிறார். இந்த உவமைக்கு நிஜத்திலும் ஒரு முன்னோடி உண்டு. சிட்டிகுரூப் வங்கியின் தலைவராக இருந்த சக் பிரின்ஸ், 2007 ஜூலையில் ஒரு நாளிதழ் நேர்காணலில், இசை ஒலிக்கும்வரை எழுந்து ஆடத்தான் வேண்டும் என்று சொன்னது உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவர் பதவி விலகினார். இசை நிற்கும் என்று தெரிந்தும் ஆடியது அந்தப் பேச்சில் வெளிப்பட்ட மனநிலை. டுல்ட் அதற்கு அடுத்த கட்டம். நின்றுவிட்டது என்று மற்றவர்களுக்கு முன்பே அறிந்துகொண்டு, அவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே மூட்டையைக் கைமாற்றிவிடுபவர் அவர்.

இந்தத் தொழிலில் பிழைக்க மூன்று வழிகள் உண்டு என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் இங்கேதான் வருகிறது: முதல் ஆளாக இருப்பது, மற்றவரைவிடப் புத்திசாலியாக இருப்பது, இல்லையென்றால் ஏமாற்றுவது. நான் ஏமாற்றுவதில்லை, புத்திசாலிகள் இந்தக் கட்டடத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனாலும் முதல் ஆளாக இருப்பதே எல்லாவற்றையும்விட எளிது என்கிறார். கேட்கும்போது சரியாகவே தோன்றும் வாதம் இது. அடுத்த சில நிமிடங்களில் அவர் உத்தரவிடப்போகும் செயலோ, முதல் ஆளாக இருப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் நடுவே அவரே கிழித்த கோட்டை அழித்துவிடுகிறது. தீப்பிடித்த வீட்டிலிருந்து முதலில் வெளியேறுவதில் குற்றமில்லை. டுல்ட் செய்யப்போவது, அந்த வீட்டை வெளியே நிற்பவருக்கு விற்றுவிட்டு வெளியேறுவது.

‘எல்லாவற்றையும் இன்றே விற்றுவிடலாம்’ என்று முதலில் சொல்பவர் டுல்ட் அல்ல, அவருக்குக் கீழே இருக்கும் ஜாரெட் கோஹன். ஆனால் அதைச் செய்து முடிக்கும் திட்டம் வருவது சாம் ரோஜர்ஸ் வாயிலிருந்து. கெவின் ஸ்பேசி நடித்த இந்தப் பாத்திரம் நிறுவனத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர், விற்பனைத் தளத்தின் தலைவர், படத்தில் மனசாட்சி என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கும் ஆள். உன்னைச் செய்யச் சொன்னால் எப்படிச் செய்வாய் என்று டுல்ட் கேட்கிறார். சாம் தயங்காமல் விவரிக்கிறார். காலை 6:30 மணிக் கூட்டத்தில் டிரேடர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இது முடிவு என்று அவர்களுக்கே புரிந்துவிடும் என்பதால் பெரிய தொகையைக் காட்ட வேண்டும், 10:15-க்குள் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், 11 மணிக்குள் மொத்தமும் போயிருக்க வேண்டும், மதிய உணவு நேரத்துக்குள் செய்தி பரவிவிடும், 2 மணிக்கு அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டாலர் சரக்குக்கு 65 சென்ட் கிடைக்கும், பிறகு அரசு அதிகாரிகள் வந்து நிற்பார்கள். எதிர்ப்புத் தெரிவிப்பதற்கு முன்பே அவர் வழியைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். படம் முழுவதிலும் எனக்கு மிகவும் அச்சமூட்டும் இடம் இதுதான். ஒருவருக்கு மனசாட்சி இருப்பதும், அவருடைய தொழில்திறமை அந்த மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு இருப்பதும் வேறுவேறு என்று இங்கே தெரிகிறது. கேள்வி வந்ததும் திறமைதான் முதலில் பேசுகிறது.

அதன் பிறகுதான் சாம் தன் கேள்வியைக் கேட்கிறார்: இதை நாம் யாரிடம் விற்கப்போகிறோம்? அறைக்குள் வாங்குபவர் நுழையும் ஒரே தருணம் இது. இரண்டு ஆண்டுகளாக யாருக்கு விற்று வந்தோமோ அவர்களுக்கே, வேறு யார் வாங்குவார்களோ அவர்களுக்கும் என்று பதில் வருகிறது. சாம் தொடர்ந்து மூன்று ஆட்சேபங்களை வைக்கிறார். இதைச் செய்தால் சந்தை பல ஆண்டுகளுக்கு எழாது. மதிப்பே இல்லை என்று தெரிந்த ஒன்றை நாம் விற்கிறோம். இனி அவர்களில் யாருக்கும் நம்மால் எதையும் விற்க முடியாது. இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் வியாபாரக் காரணங்கள். அறம் சார்ந்தது நடுவில் இருக்கும் ஒன்றுதான், அதுவும் வியாபாரத்தின் இரு கைகளுக்கிடையே பிடித்து வைத்ததுபோல இருக்கிறது. அந்த அறையில் அறத்தை அதன் சொந்தக் குரலில் பேசுவதற்கு சாமுக்கும் பழக்கமில்லை.

அதற்கு டுல்ட் தரும் பதிலில்தான் காட்சி மொத்தமும் திரும்புகிறது: விரும்பி வாங்குபவர்களுக்கு, இப்போது சந்தையில் நிலவும் நியாயமான விலைக்கே விற்கிறோம், நாம் பிழைத்திருப்பதற்காக. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இதில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. வாங்குபவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விலையும் அந்த நேரத்துச் சந்தை விலைதான். ஆனால் அந்த விலை அந்த உயரத்தில் நிற்பதற்கான காரணமே, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமலிருப்பதுதான். தெரிந்த நொடியில் அவருடைய விருப்பமும் போய்விடும், விலையும் போய்விடும். 10:15, 11, 2 என்று சாம் மணிக்கணக்கு போட்டதும் இதனால்தான். அந்த அட்டவணையில் அவர் அளந்தது, பிறருடைய அறியாமை எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதையே.

பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை, பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் சந்தையில் என்ன நடக்கும் என்று விளக்கியது. பழுதான காரையும் நல்ல காரையும் பிரித்தறிய முடியாத வாங்குநர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கொடுக்க முன்வருவார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், கடைசியில் சந்தையே சுருங்கிப்போகும். இந்த ஆய்வுக்காக 2001-இல் அவர் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சந்தை பல ஆண்டுகளுக்கு எழாது என்று சாம் சொல்வது இதன் நடைமுறை வடிவம்தான். 2007 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி, அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் முதலீடு செய்திருந்த தன் மூன்று நிதியங்களிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்தியபோது, அந்தச் சொத்துகளுக்கு மதிப்புப் போடவே முடியவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னது.

டுல்ட் என்ற பெயர் லேமன் பிரதர்ஸ் தலைவர் ரிச்சர்ட் ஃபுல்டை நினைவூட்டுவதால், இது லேமனின் கதை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நடந்த வரலாறு இதற்கு நேர்மாறானது. மற்ற நிறுவனங்கள் பின்வாங்கத் தொடங்கிய 2007-இலும் லேமன் பெரிய ரியல் எஸ்டேட் ஒப்பந்தங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆர்ச்ஸ்டோன் குடியிருப்பு நிறுவனத்தைச் சுமார் 2,200 கோடி டாலருக்கு வாங்கிய ஒப்பந்தம் அந்த ஆண்டு அக்டோபரில்தான் முடிந்தது. மூட்டையைக் கையிலேயே வைத்திருந்த லேமன், 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. டுல்டின் நிறுவனம், முன்கூட்டியே விழித்துக்கொண்டிருந்தால் லேமன் என்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கான ஒரு கற்பனை விடை. அதற்கு நெருக்கமான நிஜ உதாரணம் இன்னொரு அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ். அந்த நிறுவனம் 2006 டிசம்பரிலேயே வீட்டுக்கடன் சார்ந்த தன் இருப்பைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. 2010 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் அதன் தலைவர் லாயிட் பிளாங்க்ஃபைன், சந்தையில் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் வேலையையே தங்கள் நிறுவனம் செய்தது என்ற வகையில் வாதாடினார். டுல்டின் வாக்கியத்துக்கும் இந்த வாதத்துக்கும் இடையே அதிகத் தொலைவில்லை.

கூட்டம் முடிந்தபின் படம் விலைப்பட்டியலாக மாறுகிறது. தன்னிடம் உள்ள சரக்கில் 93 சதவீதத்தை விற்றுவிடும் ஒவ்வொரு டிரேடருக்கும் 14 லட்சம் டாலர், தளம் முழுவதும் அந்த அளவை எட்டினால் தலைக்கு இன்னும் 13 லட்சம் டாலர். எரிக் டேலைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, விற்பனை முடியும்வரை ஓர் அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வைக்கிறார்கள். அதற்கு மணிக்கு 1,76,471 டாலர். முன்பே எச்சரித்தவர்களில் ஒருவரான இடர் மேலாண்மைத் தலைவர் சாரா ராபர்ட்சன் பலியாடாகிறார். அதற்கு முன், அவரும் கோஹனும் மின்தூக்கியில் இறங்கும்போது, இருவருக்கும் நடுவே ஒரு துப்புரவுப் பணியாளர் நிற்கிறார். அந்தப் பெண்ணின் தலைக்கு மேலாகவே இருவரும், யார் எப்போது எச்சரித்தார்கள் என்று அடக்கிய குரலில் பேசிக்கொள்கிறார்கள். அவர் அங்கே இருப்பதையே இருவரும் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கடன் தவணை கட்டும் வர்க்கம் இந்தப் படத்தில் எட்டிப்பார்க்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

பேராசை என்ற சொல்லுக்கு இந்தப் படத்தில் பொருந்தாதவர் யார் என்று தேடினால் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. ராக்கெட் உந்துவிசையில் ஆய்வு செய்தவரான சல்லிவனிடம் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்கிறார்கள். எல்லாம் எண்கள்தான், கூட்டும் பொருள் மட்டும் வேறு, இங்கே பணம் கணிசமாகக் கூடுதல் என்று அவர் வெட்கமும் பெருமையும் இல்லாமல் சொல்கிறார். சாம் கடைசியில் விலக நினைத்து டுல்டைத் தேடிப் போகிறார். நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டுல்ட், 1637-இல் தொடங்கி நெருக்கடி ஆண்டுகளை வரிசையாக ஒப்பித்து, இது எப்போதும் நடப்பதுதான், நம்மால் தடுக்க முடியாது என்கிறார். வரலாற்றையே தன் செயலுக்குச் சாட்சியாக நிறுத்தும் தந்திரம் இது. அந்த ஆண்டுகளில் எல்லாம் நட்டத்தை யார் யாருக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. சாம் அந்த வாதத்தை ஏற்பதில்லை. இருந்தும் தங்கிவிடுகிறார். உன் பேச்சால் அல்ல, எனக்குப் பணம் தேவை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கூட்டத்தில் யாரிடம் விற்கப்போகிறோம் என்று கேட்டவரும் கூட்டம் போட்ட விலைக்கு உடன்பட்டுவிட்டார்.

சட்டத்தின் கண்ணில் டுல்ட் என்ன குற்றம் செய்தார் என்ற கேள்வி படத்துக்குப் பின்னும் தொடர்கிறது. சரக்கு எங்களுடையது, விற்க எங்களுக்கு உரிமை உண்டு, அரசு வேகத்தைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது என்று அந்த அறையில் சொல்லப்படுகிறது, யாரும் மறுப்பதில்லை. கோல்ட்மேன் சாக்ஸ் 2010 ஜூலையில் 55 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரு குறிப்பிட்ட பத்திரத்தை விற்றபோது வாங்குபவருக்குக் கொடுத்த விவரங்கள் முழுமையாக இல்லை என்பதே அங்கே பிரச்சினை. நட்டப்படும் என்று நினைத்த சரக்கை விற்றது பிரச்சினை அல்ல. அதே ஆண்டில் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, பத்திரங்களை உருவாக்குபவர்கள் முதலீட்டாளர்களின் நலனுக்கு எதிராகச் செயல்படுவதைத் தடை செய்யச் சொன்னது. அதற்கான இறுதி விதியை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது 2023 நவம்பரில், 13 ஆண்டுகள் கழித்து. தான் உருவாக்கி விற்ற பத்திரம் வீழும் என்று பந்தயம் கட்டுவதைத்தான் அந்த விதி குறிவைக்கிறது. கிடங்கில் இருப்பதை, அதன் மதிப்பு போய்விட்டது என்று தெரிந்தே, காலை 11 மணிக்குள் விற்றுத் தீர்ப்பது அதன் இலக்கில் இல்லை.